சின்னச் சேலைக்கடையின் உள்ளமைப்பு: எதை முதலில் செய்வது, எதைக் கடைசிக்கு வைப்பது

புதிதாகக் கடை போடுகிறவர்களில் பெரும்பாலோர் சீலிங்கிலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். வாடகை ஒப்பந்தம் முடிந்ததும் ஆசாரி வந்து போனில் நாலு படம் காட்டுவார். ஃபால்ஸ் சீலிங்குக்கு அட்வான்ஸ் போய்விடும். சரக்கு வந்து இறங்கிய பிறகுதான் ரேக்கில் சேலை அடங்கவில்லை, கண்ணாடிக்கு இடமில்லை, விளக்கு துணிமேல் விழாமல் தரையில் விழுகிறது என்பதெல்லாம் தெரியவரும்.

கடையின் உள்புறத்துக்கு இரண்டு வேலை. இது யாருக்கான கடை, என்ன விலைக் கடை என்பதை யாரும் வாய் திறக்காமலே சொல்ல வேண்டும். வந்தவர் நிற்கவும் தொடவும் உட்காரவும் வழி செய்ய வேண்டும். இரண்டும் நடக்க வேண்டுமென்றால் வேலைகளின் வரிசை முக்கியம். 20 அடிக்கு 30 அடி, அதாவது 600 சதுர அடியில் ஒரு காட்டன் சேலைக்கடை என்று வைத்துக்கொண்டு அந்த வரிசையைச் சொல்கிறேன். பட்டுக்கடைக்கும் ரெடிமேட் கடைக்கும் அளவுகள் மாறுமே தவிர, வரிசை மாறாது.

ஆரம்பிக்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

அளவெடுத்த வரைபடம் ஒன்று. சுவர்கள் மட்டும் போதாது. தூண், பீமின் அடிமட்ட உயரம், ஷட்டர் சுருளும் இடம், மெயின் போர்டு, மழைக்கு ஓதம் ஏறும் சுவர் எல்லாம் அதில் வர வேண்டும்.

நீங்கள் விற்கப்போகும் சேலையை மடித்து வைத்து அதன் நீளம், அகலம், கனம் மூன்றையும் அளந்து எழுதுங்கள். ஆசாரியிடம் கொடுக்க வேண்டிய முதல் அளவு இதுதான். ரேக்கின் ஆழம் சேலையைவிட இரண்டு அங்குலம் குறைந்தாலும் கரை மடங்கிவிடும். அதிகமானால் பின்னால் ஒரு வரிசை ஒளிந்துகொள்ளும், வருடக் கணக்கில் விற்காது.

சோதனைக்கென்று ஐந்து சேலைகளை ஒதுக்கி வையுங்கள்: அரக்கு, கரும்பச்சை, கருநீலம், வெள்ளை, கொஞ்சம் ஜரிகை உள்ளது ஒன்று. விளக்கு வாங்கும்போதும், பெயின்ட் பார்க்கும்போதும், கண்ணாடி மாட்டும்போதும் இந்த ஐந்தையும் வைத்துப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். கேட்டலாக்கில் நன்றாக இருப்பது துணியின் பக்கத்தில் நன்றாக இருக்கும் என்று சொல்ல முடியாது.

1. கடையை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

"தரம், நம்பிக்கை, பாரம்பரியம்" என்று எழுதினால் அதைக்கொண்டு ஒரு ஆணிகூட அடிக்க முடியாது. இப்படி எழுதிப் பாருங்கள்: "வேலைக்குப் போகிற பெண்கள் தினமும் கட்டும் கைத்தறிக் காட்டன், 800 முதல் 2,500 ரூபாய் வரை, பேரம் இல்லை, அவசரப்படுத்த மாட்டோம்."

இதில் ஒவ்வொரு துண்டும் ஒரு முடிவைத் தருகிறது. தினமும் கட்டும் சேலை என்றால் கண்ணாடி அலமாரிக்குள் பூட்டக் கூடாது, கையில் எடுக்கும்படி இருக்க வேண்டும். பேரம் இல்லை என்றால் விலைச் சீட்டு கேட்காமலே கண்ணில் பட வேண்டும். அவசரப்படுத்த மாட்டோம் என்றால் உட்கார இடம் வேண்டும். முடிவெதுவும் தராத வார்த்தையை அடித்துவிடுங்கள்.

சரக்கை நெருக்கமாக வைப்பதா, இடம் விட்டு வைப்பதா என்பதும் இங்கேயே முடிவாகிவிடும். சென்னை ரங்கநாதன் தெருவில் வாசல்வரை துணி தொங்கும், மேசைமேல் குவிந்து கிடக்கும். அதைப் பார்த்ததுமே இங்கே விலை மலிவு என்று மனம் கணக்குப் போட்டுவிடுகிறது. அந்தக் கடைகளுக்கு அதுதான் சரி. அதே குவியலுக்கு நடுவில் 2,500 ரூபாய்க் கைத்தறியை வைத்தால் வாடிக்கையாளர் 900 ரூபாய்க்குக் கேட்பார். குற்றம் அவர்மேல் இல்லை, கடை அவருக்கு அப்படித்தான் சொல்லியிருக்கிறது.

2. ஆட்கள் எப்படி வாங்குகிறார்கள் என்று பாருங்கள்

கடை ஏற்கெனவே நடக்கிறதென்றால் இரண்டு மாலை வேளை கல்லாவை வேறொருவரிடம் விட்டுவிட்டு, ஓரமாக உட்கார்ந்து கவனியுங்கள். புதுக் கடையென்றால் அதே தெருவில் இருக்கும் இதே மாதிரிக் கடையைக் கவனியுங்கள். வரைபடத்தின் நகலில் ஒவ்வொரு குழுவும் நடந்த வழியைக் கோடாகப் போடுங்கள். நின்ற இடத்தில் புள்ளி, துணியைத் தொட்ட இடத்தில் வட்டம்.

சேலை வாங்க யாரும் தனியாக வருவது குறைவு. அம்மா, மகள், ஒரு சித்தி, கூடவே குழந்தை, வாசலோரம் போன் பார்க்கும் அப்பா. கட்டப்போகிறவர் ஒருவர், தேர்ந்தெடுப்பவர் இன்னொருவர், பணம் கொடுப்பவர் மூன்றாமவர். மூவருக்கும் இடம் வேண்டும். குழந்தை அழுதாலோ அப்பா நிற்க முடியாமல் "போலாமா" என்றாலோ வியாபாரம் அங்கேயே முடிந்தது. இரண்டு ஸ்டூல் போட்டால் தீர்ந்துபோகும் விஷயம் இது.

3. நடக்கும் வழியை வரையுங்கள்

ரேக்குக்கு முன்னால் வழியை முடிவு செய்ய வேண்டும். ரேக்கை முதலில் போட்டால் மிச்சமிருக்கும் சந்துதான் வழியாகும்.

வாசலிலிருந்து முதல் ஐந்து அடியைக் காலியாக விடுங்கள். வெயிலிலிருந்து உள்ளே வருகிறவருக்குக் கண் பழகக் கொஞ்சம் நேரமாகும். குடையை மடக்கி, பையை மாற்றிப் பிடித்துக்கொண்டுதான் நிமிர்ந்து பார்ப்பார். அந்த இடத்தில் வைக்கும் எதையும் பெரும்பாலோர் பார்ப்பதில்லை. பலர் புதுவரவை வாசலிலேயே வைத்து வீணாக்குகிறார்கள்.

பிரதான வழி நான்கு அடிக்குக் குறையக் கூடாது. இரண்டு பேர் ஒருவரையொருவர் இடிக்காமல் போக வேண்டும். பின்னால் யாராவது உரசிக்கொண்டு போனால், குனிந்து துணி பார்க்கும் பெண் உடனே நகர்ந்துவிடுவார். ஓரிடத்திலாவது ஐந்துக்கு ஐந்து அடி வெற்றிடம் விடுங்கள். சக்கர நாற்காலி திரும்ப அவ்வளவு இடம் வேண்டும்.

உயரமான ரேக்குகள் சுவரோரம். நடுவில் வைப்பவை நான்கு அடிக்குள். உள்ளே நுழைந்தவருக்குப் பின்சுவர் தெரிந்தால்தான் அதுவரை நடப்பார். அந்தச் சுவரில் உங்கள் கடையின் வாக்கியத்துக்கு மிகப் பொருத்தமான சரக்கை வையுங்கள். பத்துப் பொம்மைகள் வேண்டாம், நன்றாக விரித்த மூன்று சேலை போதும்.

கல்லாவை வாசலுக்கு நேர் எதிரே வைக்காதீர்கள். வருகிறவர் முதலில் பணப்பெட்டியைப் பார்ப்பார், உட்கார்ந்திருப்பவர் தன்னை எடைபோடுவதாக நினைப்பார். வெளியே போகும் பக்கம், வாசல் தெரியும்படி ஓரமாக வையுங்கள். எழாமலே "வாங்கம்மா" என்று சொல்ல முடிகிற தூரமாக இருக்கட்டும். நம் ஊரில் அந்த ஒரு வார்த்தைக்கு மதிப்பு அதிகம்.

பாய் விரித்துக் காட்டுவதா, மேசையா? மெத்தை விரிப்பில் உட்கார்ந்து சேலை பார்ப்பதில் ஒரு நிதானம் இருக்கிறது, நான் அதற்குத்தான் ஓட்டுப் போடுவேன். ஆனால் முட்டிவலிக்காரர்களுக்குத் தரையில் உட்கார்ந்து எழுவது தண்டனை. 16 முதல் 18 அங்குல உயரத்தில் ஒரு மேடை கட்டினால் ஏறியும் உட்காரலாம், காலைத் தொங்கப்போட்டும் உட்காரலாம். எதைத் தேர்ந்தாலும் செருப்பு விடும் இடத்தை வரைபடத்திலேயே குறித்துவிடுங்கள். குறிக்காவிட்டால் செருப்புக் குவியல் வாசலில்தான் கிடக்கும், உங்கள் கடையைப் பற்றி முதலில் பேசுவதும் அதுவாகத்தான் இருக்கும்.

ஊழியர்களுக்கும் இருக்கை போடுங்கள். 2021இல் தமிழ்நாடு கடைகள் சட்டத்தில் செய்த திருத்தம் அதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. பன்னிரண்டு மணிக்கே கால் வலிக்கத் தொடங்கிய பெண், மாலை ஏழு மணிக்குச் சிரித்த முகத்தோடு முப்பதாவது சேலையைப் பிரித்துக் காட்டுவார் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

4. ரேக்குகள்

தரையிலிருந்து இரண்டரை அடி முதல் ஐந்து அடி வரைதான் விற்கும் உயரம். நம் பெண்கள் பலரும் ஐந்தடி, ஐந்தடி இரண்டு அங்குலம் இருப்பார்கள். கடைக்காரர் ஐந்தடி எட்டு இருந்தால் தன் கண்மட்டத்துக்கு அடுக்கிவிடுவார். ஆறரை அடிக்கு மேலே இருப்பதைக் குடோன் என்று கணக்கில் வையுங்கள்.

ஒரு அடுக்கில் பத்துச் சேலைக்கு மேல் வேண்டாம். அடியில் இருப்பதை உருவும்போது மொத்தமும் சரிந்தால், அடுத்தவர் தொடவே தயங்குவார். மடிப்பின் வெளிப்பக்கம் கரை தெரிய வேண்டும், ஏனென்றால் காட்டன் சேலையில் பலர் முதலில் பார்ப்பது கரையைத்தான்.

விலைப்படி அடுக்குவதா, ஊர்ப்படியா? வருகிறவர் "ஆயிரத்துக்குள்ள காட்டுங்க" என்று கேட்கும் கடையென்றால் விலைப்படி. நெகமம், செட்டிநாட்டுக் கண்டாங்கி, மதுரைச் சுங்குடி என்று பெயர் சொல்லி விற்கும் கடையென்றால் ஊர்ப்படி, அதற்குள் விலைப்படி. இரண்டையும் கலந்து வைத்தால் ஊழியருக்கே தேடத் தெரியாது.

மடிக்கும் மேசை ஒன்று கட்டாயம். வரைபடங்களில் அடிக்கடி விட்டுப்போவது இதுதான். ஒரு குடும்பம் இருபது சேலை பிரித்துப் பார்த்துவிட்டுப் போகும். மடிக்க இடமில்லையென்றால் அந்தக் குவியல் அப்படியே கிடக்கும். அடுத்து வருகிறவருக்கு அது கழித்துப்போட்ட சரக்காகத் தெரியும்.

5. விளக்கு: பணத்தை இங்கே போடுங்கள்

நம் ஊர்க் கடைகளில் தினமும் நடப்பது இது. ஒரு அம்மா அரக்கு நிறச் சேலையைத் தேர்ந்தெடுக்கிறார். கல்லாவுக்குப் போகும் முன் "ஒரு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு, முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு வாசலுக்குப் போகிறார். வெயிலில் பிடித்துப் பார்த்து, முகத்தைச் சுளித்துத் திரும்பி வந்து வைத்துவிடுகிறார். கடைக்குள் ஒரு நிறம், வெளியே வேறு நிறம். பத்து வருடமாகக் கட்டிய பெயரை ஒரு மலிவு விளக்கு இப்படித்தான் கெடுக்கிறது.

காரணம் எளிது. எல்.ஈ.டி. அட்டையில் சி.ஆர்.ஐ. என்று ஒரு எண் இருக்கும். நிறங்களை எவ்வளவு உள்ளபடி காட்டுகிறது என்பதற்கான அளவு அது, உச்சம் 100. சாதாரண விளக்குகள் 80 அளவில் இருக்கும். ஆனால் எட்டு வெளிர் நிறங்களின் சராசரியை வைத்துப் போடும் மதிப்பெண் அது, அழுத்தமான சிவப்பு அந்தக் கணக்கில் வருவதே இல்லை. அதற்கு ஆர்9 என்று தனி எண் உண்டு. சி.ஆர்.ஐ. 80 விளக்கில் ஆர்9 பூஜ்யத்தின் பக்கத்தில்கூட இருக்கலாம். அந்த வெளிச்சத்தில் அரக்கு பழுப்பாகிவிடும், குங்குமச் சிவப்பு செத்துப்போகும்.

எனவே கேட்க வேண்டியது: சி.ஆர்.ஐ. 90க்கு மேல், ஆர்9 குறைந்தது 50. கடைக்காரர் ஆர்9 பற்றித் தெரியாது என்றால், நிறுவனத்தின் விவரத்தாளைக் கேளுங்கள். அதுவும் இல்லையென்றால் அந்த விளக்கு வேண்டாம்.

அப்புறம் வெளிச்சத்தின் நிறம். 3000 கெல்வின் மஞ்சள் சாய்ந்தது, 4000 நடுநிலை, 6500 நீலம் சாய்ந்த வெள்ளை. காட்டன் கடைக்கு 4000 எடுப்பேன். ஜரிகைப் பட்டுக்கு 3000 அழகு சேர்க்கும், ஆனால் வெள்ளையைச் சந்தன நிறமாக்கிவிடும். 6500 ட்யூப் லைட் பளிச்சென்று இருக்கும், முகத்தை வெளிறச் செய்யும். கண்ணாடியில் முகம் வெளிறினால் பழி சேலைமேல்தான் விழும். எதை எடுத்தாலும் கடை முழுக்க ஒரே கெல்வின், ஒரே கம்பெனி. ஒரு பல்ப் போனால் மாற்ற, அதே பெட்டியில் நாலு கூடுதலாக வாங்கி வையுங்கள்.

பொது வெளிச்சம் 300 முதல் 500 லக்ஸ் போதும் (ஓரிடத்தில் எவ்வளவு வெளிச்சம் விழுகிறது என்பதற்கான அளவுதான் லக்ஸ்). காட்சிக்கு விரித்த சேலைமேல் அதைப் போல மூன்று மடங்கு விழட்டும். கண் தானாக அங்கே போகும். எல்லா இடமும் ஒரே பிரகாசமாக இருந்தால் எங்கே பார்ப்பதென்று தெரியாமல் கண் அலையும், வந்தவர் சீக்கிரம் களைத்துவிடுவார். ஸ்பாட் லைட்டை நேர் கீழே குத்தாமல் சுமார் 30 டிகிரி சாய்த்து வையுங்கள், துணியின் நெசவு நிழலோடு தெரியும், கண்ணும் கூசாது. ட்ராக்கில் மாட்டினால் தீபாவளிக்கு ஒரு மாதிரி, ஆடிக்கு ஒரு மாதிரி நகர்த்திக்கொள்ளலாம்.

வாங்கும் முன், இரண்டு மூன்று விளக்குகளை எரியவிட்டு ஐந்து சோதனைச் சேலையையும் அடியில் பிடியுங்கள். பிறகு பகலில் வாசலில் பிடித்துப் பாருங்கள். வித்தியாசம் குறைவாக இருப்பதுதான் உங்கள் விளக்கு.

இவ்வளவுக்குப் பிறகும் சிலர் வாசலுக்குப் போவார்கள். போகட்டும். அங்கே ஒரு கண்ணாடி மாட்டி, "வெளிச்சத்தில் பார்த்துக்கோங்கம்மா" என்று நீங்களே அழைத்துப் போங்கள். பேரம் இல்லாத கடை என்று எழுதிய வாக்கியத்தோடு இது பொருந்தும்.

6. கண்ணாடி

கண்ணாடி தரையிலிருந்தே தொடங்க வேண்டும். பல கடைகளில் சலூன் மாதிரி இரண்டடி உயரத்தில் மாட்டியிருக்கிறார்கள். மடிப்பு கால்வரை விழுவதும் கீழ்க் கரை தெரிவதும்தான் சேலையின் பாதி அழகு, அது கண்ணாடிக்குக் கீழே மறைந்துவிடுகிறது. ஆறடி உயரம், இரண்டரை அடி அகலம், முன்னால் ஐந்தாறு அடி வெற்றிடம்.

வெளிச்சம் இரண்டு பக்கத்திலிருந்தும் முகத்தில் விழ வேண்டும். தலைக்கு மேல் ஒற்றை விளக்கு இருந்தால் கண்ணுக்குக் கீழே நிழல் விழுந்து ஐந்து வயது கூடும். கூட வந்தவர்களின் இருக்கையைக் கண்ணாடிக்குச் சற்றுச் சாய்வாகப் போடுங்கள். ஆளையும் பிம்பத்தையும் ஒருசேரப் பார்த்தால்தான் "இது எடுத்துக்கோடி" என்ற வார்த்தை வரும்.

7. சுவர், மரம், தரை

எல்லோரும் முதலில் செய்ய நினைப்பது இப்போதுதான் வருகிறது. காரணம், நிறத்தை உங்கள் விளக்குக்கு அடியில் மட்டுமே முடிவு செய்ய முடியும். இரண்டடிச் சதுரமாகச் சுவரில் பூசி, பகலிலும் இரவிலும் சோதனைச் சேலைகளைப் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள்.

சேலையில் எல்லா நிறமும் இருக்கிறது. சுவர் போட்டிக்கு வரக் கூடாது. பச்சைச் சுவர் வெள்ளைக் காட்டன்மேல் பச்சை அடிக்கும். மங்கலான வெள்ளை, வெளிர் சாம்பல் போதும். கடையின் நிறம் என்று ஒன்று வேண்டுமானால் கல்லாவின் முகப்பிலும் பையிலும் விலைச் சீட்டிலும் வரட்டும்.

ஆத்தங்குடித் தரை போடலாமா என்று பலர் கேட்கிறார்கள். செட்டிநாட்டுச் சேலையை முதன்மையாக விற்றால் போடுங்கள், சரக்கும் தரையும் ஒரே ஊர் பேசும். பவர்லூம் சேலையும் நைட்டியும் விற்கும் கடைக்கு அது ஒட்டாது. உள்ளே வந்தவர் தரையைப் பார்த்து ஒரு விலையை எதிர்பார்ப்பார், ரேக்கில் வேறொன்று இருக்கும்.

8. எழுத்து, பலகை, பை

பெயர்ப்பலகையில் தமிழ் முதலிடத்திலும் பெரிதாகவும் இருக்க வேண்டும். தமிழ், ஆங்கிலம், பிற மொழி ஆகியவற்றுக்கு 5:3:2 என்பது விதி. பலகை எழுதக் கொடுக்கும் முன்பே இதைச் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் இரண்டு முறை செலவு.

ஷோகேஸ் சேலையில் விலை எழுதி வையுங்கள். ஏ.சி. போட்டு, கண்ணாடிக் கதவை மூடினாலே சின்ன ஊர்களில் "நமக்கு இல்லப்பா" என்று தயங்கி நகர்கிறவர்கள் உண்டு. வெளியிலிருந்து 950 என்று தெரிந்தால் கதவைத் தள்ளுவார்கள். அந்தச் சேலையை வாரம் ஒருமுறை மாற்றவும் வேண்டும், வெயில் பட்ட மடிப்பு வெளுத்துவிடும்.

கடையை விட்டு வெளியே போவது பை. பிளாஸ்டிக் தூக்குப் பைகளுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதலே தடை. காட்டன் விற்கும் கடை காட்டன் பையே கொடுக்கலாம். காய்கறி வாங்க நாலு வருடம் அதைத் தூக்கிக்கொண்டு போவார்கள்.

9. ஒலி, மணம்

சத்தம் குறைவாக, தாளம் மெதுவாக. 1982இல் ரொனால்ட் மில்லிமன் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்க சூப்பர் மார்க்கெட் ஒன்றில் மெதுவான இசை ஒலித்தபோது மக்கள் மெதுவாக நடந்தார்கள், விற்பனையும் கூடியது. சினிமாப் பாட்டைக் கடையில் ஒலிக்கவிட உரிமம் வாங்க வேண்டும். அதற்குச் செலவழிக்க விருப்பமில்லையென்றால் பாட்டே வேண்டாம், மின்விசிறிச் சத்தமும் பேச்சும் போதும்.

ரூம் ஸ்பிரே அடிக்காதீர்கள், துணியில் ஏறினால் போகாது. புதுக் காட்டனின் கஞ்சி வாசனையைவிட நல்ல மணம் இந்தக் கடைக்குக் கிடையாது.

10. ஆட்களைக் கூப்பிடும் வரிசை

வரைபடம் முடிந்த பிறகு, ஓதத்தைச் சரிசெய்யும் கொத்தனார் முதலில். அடுத்து எலக்ட்ரீஷியன். ரேக், கண்ணாடி, கல்லா இருக்கும் இடங்களைச் சாக்பீஸால் தரையிலேயே வரைந்து காட்டிவிட்டுப் பாயின்ட் போடச் சொல்லுங்கள். வரைபடத்தை மட்டும் கொடுத்தால் ஸ்விட்ச் போர்டு ரேக்குக்குப் பின்னால் போய்விடும்.

பிறகு தரை, அடுத்து முதல் கோட் பெயின்ட், அதற்குப் பிறகு விளக்கு. நிறத்தை விளக்கடியில் பார்த்து உறுதிசெய்த பின் இரண்டாவது கோட். கடைசியில் ஆசாரி ரேக்குகளைக் கொண்டுவந்து பொருத்தட்டும். முதலில் ஒரே ஒரு ரேக் செய்யச் சொல்லி, உண்மையான சேலைகளை அடுக்கிப் பார்த்த பிறகே மற்றதற்குச் சம்மதம் சொல்லுங்கள்.

ஃபால்ஸ் சீலிங்? கூரை பத்தடிதான் என்றால் வேண்டவே வேண்டாம். மேலே வெள்ளையடித்து ட்ராக் லைட் மாட்டினால் போதும், அந்தப் பணத்தில் நல்ல விளக்கே வாங்கலாம்.

11. திறந்த பிறகு அளந்து பாருங்கள்

ஒரு நோட்டில் நான்கு பத்தி: உள்ளே வந்த குழுக்கள், பின்சுவர்வரை போனவை, சேலையைக் கையில் எடுத்தவை, பில் போட்டவை. ஒரு வாரம் கோடு போட்டுக்கொண்டே வந்தால் எங்கே ஆள் கழிகிறார்கள் என்று தெரிந்துவிடும்.

பின்சுவர்வரை போகவில்லையென்றால் அங்கே வெளிச்சம் போதவில்லை, அல்லது நடு ரேக் உயரம். போகிறார்கள், தொடவில்லையென்றால் அடுக்கு இறுக்கம், அல்லது ஊழியர் மிக நெருங்கி நிற்கிறார். தொடுகிறார்கள், வாங்கவில்லையென்றால் கண்ணாடியையும் விலைச் சீட்டையும் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, அடுத்த வாரம் அதே கிழமைகளில் திரும்ப எண்ணுங்கள். தீபாவளிக்கு முந்தைய வாரத்தையும் மார்கழி வாரத்தையும் ஒப்பிட்டால் ஒன்றும் விளங்காது.

ஆடித் தள்ளுபடிக்கு முன்பே ஒரு வேலை பாக்கி இருக்கிறது. தட்டி ஒட்டும் இடத்தை இப்போதே ஒரு சுவரில் குறித்து, இரண்டு கொக்கி அடித்து வையுங்கள். குறிக்காத கடைகளில் கண்ணாடி, கல்லா, ஷோகேஸ் என்று எல்லா இடத்திலும் "50%" ஒட்டிவிடுகிறார்கள், ஆவணி பிறந்த பிறகும் பசைத் தடம் போவதில்லை.